ஏன் மேலே வந்தாய் என்று கேட்கக் கூடாது

கடலுக்கு அடியில் பழைய கடற்கரையைத் தேடுகிற தொழில் எங்களுடையது. இதில் முக்கால்வாசி வேலை காத்திருப்பது, மிச்சக் கால்வாசி எதற்காகக் காத்திருந்தோம் என்று கரையில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது.

என் பங்கு முழுக்க முழுக்கக் காத்திருப்புதான். மற்றவர்கள் காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதிப்பார்கள். நான் படகில் உட்கார்ந்து அவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சின்ன வயதிலேயே காதுச் சவ்வில் ஓட்டை விழுந்துவிட்டதால் என்னால் ஆழத்துக்குப் போக முடியாது. ஆகவே, ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தை முறைத்தவர்கள், பிள்ளையைப் பரீட்சைக்கு உள்ளே அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் நின்றவர்கள், கப்பலுக்குப் போன மனிதரின் போன் வராமல் சோறு இறங்காதவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முக்குளிப்பவர்கள் படித்தால் நாம் வீணாக அலட்டிக்கொள்கிறோம் என்பார்கள்.

மச்சான் இல்லாத வீடு

முத்துக்கும் சங்குக்கும் முக்குளித்த காலத்திலிருந்தே எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம். தண்ணீருக்குள் போகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். மச்சான் என்றால் மனைவியோடு பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பிகூட இந்த விஷயத்தில் இரண்டாம்பட்சம்தான். அவர்களுக்குச் சொத்தில் பங்கு உண்டு, மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று யார் கண்டது? மச்சானுக்கு அப்படி எதுவும் கிடையாது. தன் சகோதரியின் கழுத்துத் தாலி நிலைக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் அக்கா ரெஜினாவின் கணவர் நார்பெர்ட் அத்தான் முதலில் சங்கு குளித்தவர். பிறகு துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தைப் பார்த்துச் சொல்கிற வேலைக்குப் போனார். அதற்கும் பிறகு முறையாகப் பயிற்சி எடுத்து, கடலடிக் குகைகளுக்குள் போகவும் கற்றுக்கொண்டார். இந்த வேலையை நடத்துகிற மேடம் அவரைத் தேடி வந்தபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை, கயிற்றைத் தன் பெண்டாட்டி வீட்டு ஆள் பிடிக்க வேண்டும் என்பதுதான். மேடம் பெயர் வேதவல்லி. ஆழ்வார்திருநகரியில் வைணவக் குடும்பம், அப்பா பள்ளிக்கூட வாத்தியார், இவர் நிலவியல் பேராசிரியர். நிபந்தனையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. மச்சான் எங்கே என்றுதான் கேட்டார். எங்கள் வீட்டில் மச்சான் கிடையாது, நாங்கள் இரண்டும் பெண்கள். இளையவள் நிலவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, துறைமுக ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தாள். அந்த இளையவள் நான்.

மச்சான் இடத்தில் கொழுந்தியாளை உட்கார வைக்கலாமா என்று சூசை அண்ணாச்சிக்குப் பெரிய சந்தேகம். எங்கள் படகு அவருடையது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மேடம்தான் முடித்து வைத்தார்: “இதைவிட நல்ல பாதுகாப்பு ஏற்பாடு எந்தப் புத்தகத்துலயும் கிடையாது அண்ணாச்சி. ஏதாவது ஆச்சுன்னா இவ தினம் அக்கா மூஞ்சியில முழிக்கணும்லா.”

ஊருக்கு ஒத்துவராத சட்டம்

குகைக்குள் முக்குளிப்பவர்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. யார் வேண்டுமானாலும், மேலே கயிறு பிடிக்கிறவர்கூட, எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் “போதும், மேலே போவோம்” என்று சைகை காட்டலாம். காட்டியவுடன் எல்லாரும் திரும்பிவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. தண்ணீருக்குள் மட்டும் அல்ல, படகுக்கு வந்த பிறகும் கூடாது, கரைக்கு வந்த பிறகும் கூடாது. எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று முதல் நாளே நான் கேட்டேன். மேடம் சொன்னார், “காரணம் சொல்லியாகணும்னு வை. காரணம் கெடைக்கிற வரைக்கும் ஆள் உள்ளேயே இருப்பான்.”

சட்டம் நல்ல சட்டம்தான். ஊர்தான் அதற்கு ஒத்துவராத ஊர். தூத்துக்குடியில் நீங்கள் பால் பாக்கெட் வாங்கப் போனாலும், எங்கன போறிய, ரெண்டு பாக்கெட் எதுக்கு, வீட்டுக்கு யாரு வந்திருக்காவ என்று மூன்று பேராவது கேட்பார்கள். கேட்காமல் போனால் உங்கள் மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த ஊரில் ஒரு மனிதர் தண்ணீருக்குள் போய்ப் பாதி வழியில் திரும்பி வருகிறார், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றால் எப்படி?

முதல் வாரமே அது நடந்தது. அத்தான் இறங்கிய கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிட்டார். முகமூடியைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், படகின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டினேன். சூசை அண்ணாச்சி, “ஏம்ல” என்று ஆரம்பித்ததும் மேடம் விரலை உயர்த்தினார். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு இஞ்சினைக் கிளப்பினார். கரைக்குப் பக்கத்து முயல் தீவு கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குமேல் அவரால் முடியவில்லை. திரும்பாமலேயே சொன்னார்: “கேக்கக் கூடாதுன்னா கேக்கல. ஆனா அவன் ஏன் மேல வந்தான்னு யாராவது தானாச் சொன்னா நான் காதைப் பொத்திக்கிட மாட்டேன்.”

குசினி விசாரணை

சட்டம் கடலுக்கும் படகுக்கும்தான். எங்கள் வீட்டுக் குசினிக்குள் செல்லாது. அன்று சீக்கிரம் திரும்பிய விஷயம் எங்களுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. அக்கா மீன் குழம்பை அடுப்பில் வைத்துக்கொண்டே அத்தானைக் கேட்டாள். அவர், “ஒண்ணுமில்ல” என்றார். எங்கள் வீடுகளில் “ஒண்ணுமில்ல” என்பதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். அடுத்தது என் முறை. கேட்கக் கூடாது என்பதால் நானும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. பச்சை மிளகாயைக் கிள்ளிப் போடுகிற வேகத்திலேயே அது தெரிந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. அவளால் கோபப்பட முடிகிறது, கேட்க முடிகிறது. நான் நாள் முழுக்க அந்தக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்க வேண்டியவள். அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று, அந்தக் குகைக்குள் இருப்பது எவ்வளவு முக்கியமானது, அது கிடைத்தால் கடலின் பழைய கதையே தெரிந்துவிடும் என்றெல்லாம் விளக்கினேன். கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்: “குகைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு வேண்டாம்ளா. குகைக்கு வெளிய அவரு இருக்காரான்னு மட்டும் நீ பாத்துக்க.”

கரையைத் தேடிக் கடலுக்குள்

படகுத்துறைக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு எங்கள் மேல் ரொம்ப நாளாகச் சந்தேகம். முத்து எடுக்கிறோம் என்று நினைத்தார். பிறகு புதையல் என்று நினைத்தார். சிலிண்டர், விளக்கு, கயிறு என்று இவ்வளவு சாமானோடு போய்விட்டு ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு வருகிறவர்களை வேறு என்னவென்று நினைப்பது? ஆதிச்சநல்லூரில் தோண்டினவர்களுக்குத் தாழியாவது கிடைத்தது, உங்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டார். பழைய கடற்கரையைத் தேடுகிறோம் அண்ணாச்சி என்றேன். கடற்கரை இங்கனதான இருக்கு என்று கண்ணாடி டம்ளரால் காட்டினார்.

எனக்குக் கைகொடுத்தது கொற்கை. ஒரு காலத்தில் கப்பல் வந்து நின்ற துறைமுகம், இன்றைக்கு அங்கே வயலும் வாழையும். கடல் தள்ளிப் போய்விட்டது. ஆகவே கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்னால் நடந்தது இதற்கு நேரெதிர் என்றேன். உலகம் குளிர்ந்து கிடந்தபோது ஏகப்பட்ட தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்துவிட்டது, கடல் எங்கேயோ கீழே கிடந்தது, இப்போது நாம் படகு ஓட்டுகிற இடமெல்லாம் மனிதன் நடந்து போகிற தரையாக இருந்தது. பிறகு பனி உருகி, கடல் ஏறி ஏறி இங்கே வந்து நின்றது. அப்படி ஏறி வந்த வழியில் விட்டுவிட்டு வந்த கரைகளைத்தான் தேடுகிறோம். அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்தி யோசித்தார். பாய்லரைப் பார்த்தார், கடைக்கு முன்னால் ரோட்டைப் பார்த்தார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்தார். கேலியாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கேலியாகச் சொல்லவில்லை: “அப்ப அது இன்னும் வந்து முடியலங்கிய.”

விளக்கில் தெரிந்தது

கடலுக்கு அடியில் கிடக்கிற பாறை மேடுகளைப் ‘பார்’ என்போம். முத்துச்சிப்பி ஒட்டி வளர்ந்தது அந்தப் பார்களில்தான். எங்கள் குகை, முத்துக்காரர்கள் போகாத தூரத்துப் பார் ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. பாறை அங்கே சுவர் மாதிரி கீழே இறங்கும். சுவரில் ஒரு வாய், அதற்குள் ஒரு அறை, அதற்கும் உள்ளே இன்னொரு அறை. ஒரு பங்குனி மாதம் அத்தான் உள்ளறை வாசல் வரை போய் விளக்கை அடித்தபோது, கடைசியில் கூரையிலிருந்து என்னமோ தொங்கியது. கல்லால் ஆன விழுது மாதிரி. கேமராவில் எடுத்த படத்தில் கலங்கல்தான் அதிகம்.

மழைத் தண்ணீர் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, ஒவ்வொரு சொட்டும் துளிச் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனால்தான் அப்படி ஒரு விழுது வளரும். காற்றில்தான் வளரும், தண்ணீருக்குள் வளராது. அத்தான் பார்த்தது அதுதான் என்றால், அந்தக் குகை ஒரு காலத்தில் மழை ஒழுகிய தரைக் குகை, கடல் அதற்கும் அப்பால் கீழே இருந்தது. மேடம் தன் வேலைக்காலம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள், அது அலை குடைந்த ஓட்டை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு, மேடமும் அத்தானோடு முக்குளிப்பவர், அதற்கு டாக்டர் கொடுத்திருந்த அனுமதி அந்தப் பருவத்தோடு முடிகிறது. அடுத்த வருஷம் கிடைக்கும் என்று அவரே நம்பவில்லை.

அவர் அந்தக் கலங்கலான படத்தைத் திரையில் பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். இன்னொரு முறை தெளிவாக எடுத்து வருகிறேன் என்றார் அத்தான். மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்: “படம் வேண்டாம் நார்பெர்ட். ஒரே ஒரு தடவை நான் கிட்டப் போய்ப் பாத்துட்டு வந்துருதேன்.”

நாலு இழுப்பு

அந்த நாளில் எதுவும் சரியில்லாமல் இருந்ததாகச் சொல்ல முடியாது. கடல் தட்டு மாதிரி கிடந்தது. நீரோட்டத்தை நாங்கள் நீவாடு என்போம், அது அன்றைக்கு இருப்பதே தெரியவில்லை. மேடமும் அத்தானும் சேர்ந்து இறங்கினார்கள். குகை வாயில் போட்டிருந்த வளையத்தின் வழியாகக் கயிறு உள்ளே போனது. ஒரு இழுப்பு என்றால் நலம், நாலு இழுப்பு என்றால் மேலே வா. உள்ளறை தொடங்குகிற தூரத்துக்குக் கயிற்றில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்போம். அந்தத் துணி என் விரல்களுக்கு இடையே வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று. இன்னும் கொஞ்சம் போனால் மேடம் அந்தக் கல் விழுதுக்கு அடியில் நிற்பார். ஒரு இழுப்பு வந்தது. நலம்.

அப்போதுதான் நான் நாலு முறை இழுத்தேன். பயம் என்று சொல்லலாம். ஆனால் பயம் எனக்குத் தினமும் உண்டு, அதற்கெல்லாம் கயிற்றை இழுத்தால் ஒருவரும் எங்கேயும் போக முடியாது. இது அது இல்லை. என்ன என்று இன்றைக்கும் தெரியாது. அவ்வளவு ஆழத்திலிருந்து இழுத்தவுடன் ஓடி வந்துவிடவும் முடியாது, உடம்புக்கு ஆபத்து, வழியில் நின்று நின்றுதான் வர வேண்டும். அவர்கள் வந்து சேர்கிற அந்த நேரம் முழுக்க நான் ஒரு காரணத்தைத் தேடினேன். வானத்தில் தேடினேன், கயிற்றில் தேடினேன், சூசை அண்ணாச்சி முகத்தில்கூடத் தேடினேன். ஒரு கருமேகம் இருந்திருந்தால் அதைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

மேடம் படகில் ஏறி முகமூடியைக் கழற்றினார். மூக்கைச் சுற்றி ரப்பர் பதிந்த சிவப்பு வளையம். கண்ணும் சிவந்திருந்தது, அது ரப்பரால் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. சூசை அண்ணாச்சிகூட வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அந்த வாரமே மேற்கிலிருந்து கச்சான் காற்று ஏறிவிட்டது, தண்ணீர் கலங்கிவிட்டது, பருவம் முடிந்தது. அது முடியப்போகிறது என்பது அன்றைக்குப் படகில் இருந்த யாருக்கும் தெரியாமலும் இல்லை. மேடம் தலையைத் துவட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் கேட்டார்: “சாப்பாடு என்ன கொண்டாந்திருக்க?”

ஒரு கேள்வி, மூன்று பதில்

எங்கள் வேலையைச் சரிபார்க்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அவர்கள் கடலுக்கு வருவதில்லை, வீடியோவில் வருவார்கள். பருவம் முடிந்து ஒரு காலைநேரம் எங்கள் மூவரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். பாதுகாப்பைப் பார்க்கும் அதிகாரி மரியாதையான மனிதர். கடல் நன்றாக இருந்தது, சாமான் நன்றாக இருந்தது, ஆட்கள் நன்றாக இருந்தார்கள், பிறகு யார் திரும்பச் சொன்னது என்று கேட்டார். ‘யார்’ என்று கேட்கலாம், ‘ஏன்’ என்றுதான் கேட்கக் கூடாது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான், “நான்தான் சார்” என்றார். மேடம், “இல்லை, நான்தான் சைகை காட்டினேன்” என்றார். பேசிவைத்துச் செய்த காரியம் இல்லை. ஒருவரையொருவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். “ரெண்டு பேரும் இல்ல சார், நான் மேலேர்ந்து இழுத்தேன்” என்றேன்.

அதிகாரி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். நெட் நின்றுவிட்டதோ என்று அத்தான் திரையைத் தட்டினார். அது நிற்கவில்லை. அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “வழக்கமா இந்தக் கேள்வியைக் கேட்டா எல்லாரும் அடுத்தவங்களைத்தாங்க கைகாட்டுவாங்க.”

டாக்டர் சொன்னது

காற்று ஓய்ந்து அடுத்த பருவம் வருவதற்கு முன்னால் மேடம் டாக்டரிடம் போனார். முடிவு என்ன என்று கேட்க எனக்குத் துணிவில்லை. நான் இழுத்த அந்த நாலு இழுப்பு அன்றைக்கு ஒரு முக்குளிப்பை மட்டும் நிறுத்தியதா, அவருடைய கடைசி முக்குளிப்பையே நிறுத்திவிட்டதா என்பது அந்த முடிவில்தான் இருந்தது. நான் கேட்காதது அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, போன் செய்துவிட்டார். மளிகைக் கடையில் விலை சொல்கிற குரலில் சொன்னார்: “காது சரியா இருக்காம், நெஞ்சு சரியா இருக்காம், கண்ணும் சரியாத்தான் இருக்காம். வயசு மட்டும் சரியில்லையாம்.”

மேடம் கயிறு பிடித்தது

மறுபடியும் பங்குனி வந்தது. குகைக்குள் அத்தானோடு போகக் கொச்சியிலிருந்து ஒருவர் வந்தார். மேடம் எங்களோடு படகில் வந்தார், முக்குளிக்கிற உடை இல்லாமல், பருத்திப் புடவையில், தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வழியெல்லாம் அத்தானிடம் சொல்லிக்கொண்டே வந்தார். கூரையில் தொங்குவதைத் தொடக் கூடாது, கீழே தானாக உடைந்து விழுந்த துண்டு கிடந்தால் எடுக்கலாம், பிறகு எவ்வளவு ஆழம் என்று அளவு எடுக்க வேண்டும். இரண்டு பேரும் இறங்கினார்கள். கயிறு ஓட ஆரம்பித்தது. மேடம் பலகையில் நகர்ந்து என் பக்கத்தில் வந்து, “கொஞ்ச நேரம் குடேன்” என்று கையை நீட்டினார். விதிப்படி கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். வால் பக்கத்தை மட்டும் என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

சிவப்புத் துணி அவர் விரல்களைத் தாண்டி உள்ளே போனது. ஒரு இழுப்பு வந்தது. நலம். அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தக் கயிற்றின் அந்த முனையில் இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும். வேறு யார் பொறுக்காவிட்டாலும் மேடம் பொறுப்பார் என்று நான் எழுதிக் கொடுத்திருப்பேன். அவர் கை நாலு முறை இழுத்தது. பிறகு தன் கையையே அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. சூசை அண்ணாச்சி பக்கம் திரும்பவும் இல்லை. அவர்கள் நின்று நின்று மேலே வந்துகொண்டிருந்தார்கள். மேடம் வானத்தைப் பார்த்தார், நீவாட்டைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். அது கிடைக்காது என்றும் தெரியும். அவர் முதுகில் கையை வைத்தேன்.

அத்தான் படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடியே இடுப்பு வலைப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார். வெள்ளரிப் பிஞ்சு அளவுதான் இருக்கும். உடைந்த பக்கத்தில், வெங்காயத்தை நறுக்கியது போல வளையம் வளையமாக வரி. ஒவ்வொரு வளையமும் அந்தக் கூரையில் ஒழுகிய மழை. பார்த்தவுடன் மேடத்துக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. “தரையிலதான் மேடம் கெடந்துச்சு. எடுத்துப் பையில போட்டுட்டு அளவு நாடாவ விரிக்கேன், அதுக்குள்ள” என்ற அத்தான் அங்கேயே நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் போனால் கேள்வியாகிவிடும். அளவு எடுக்கவில்லை, ஆகவே இன்னொரு முறை போயாக வேண்டும், அக்காவுக்கு இன்னொரு முறை பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கல்லுக்காக எத்தனையோ வருஷம் வாதாடிய மனுஷி, அதை மடியில் போட்டுவிட்டு இன்னும் கயிற்றை விடாமல் பிடித்திருந்தார். ஆட்கள்தான் மேலே வந்துவிட்டார்களே என்று நான் மெதுவாக விரல்களைப் பிரித்து வாங்கப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கயிற்றின் தடம். “இது இவ்வளவு கனக்கும்னு நீ ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?” என்றார் மேடம். இஞ்சின் பக்கத்திலிருந்து சூசை அண்ணாச்சி ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “ஏன்னு கேக்கக் கூடாதுல்லா மேடம்.”

ஆக, கடல் ஏன் மேலே வந்தது என்று கேட்பதற்கு எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். மனுஷன் ஏன் மேலே வந்தான் என்று கேட்காமல் இருப்பதற்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தரலாம்.